"கைவிட்டுட்டாங்களா, டாக்டரம்மா?"

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்களுக்குக் குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். அப்பாவுக்கு 68 வயது, தறி நெய்தவர். இரண்டு வருஷமாக வயிற்றில் கேன்சர். ஆபரேஷன், கீமோ எல்லாம் ஆயிற்று. இப்போது ஈரலுக்கும் பரவிவிட்டது. போன மாசம் வரை திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். பத்து நாள் முன்பு வரை பிடித்துக்கொண்டு நடந்தார். இப்போது கட்டிலோடு கிடக்கிறார், ஒரு நாளைக்கு நாலு ஸ்பூன் கஞ்சி இறங்கினால் அதிகம். ஆஸ்பத்திரியில், "இனி கீமோ வேண்டாம், பேலியேட்டிவ் கேர் போதும், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். "டி.என்.ஏ.ஆர்." என்று போட்ட ஒரு தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். என்ன ஏது என்று கேட்காமல் போட்டுவிட்டேன். அன்றைக்கு அப்பாவும் "போதும்பா, வீட்டுக்குப் போலாம்" என்றார். ஊருக்கு வந்ததும் பெரியப்பா அந்தத் தாளை யாரிடமோ காட்டி அர்த்தம் கேட்டுவிட்டு வந்து, "பெத்த அப்பனையே கருணைக் கொலை பண்ணக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துகிறான்" என்று தெருவில் நின்று கத்தினார். மார்ஃபின் மாத்திரை போதை மருந்து, உயிரை எடுத்துவிடும் என்று அக்கா கொடுக்க விடமாட்டேன் என்கிறாள். வைகாசி ஒண்ணாம் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அதுவரைக்கும் இருப்பாரா என்று அம்மா கேட்கிறார். இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. நான் செய்தது பாவமா? இந்த வார்த்தைகளுக்கெல்லாம் என்னதான் அர்த்தம்?

பதில்: தம்பி, முதலில் அந்தக் கையெழுத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

டி.என்.ஏ.ஆர். என்பது ஒரே ஒரு நிமிடத்தைப் பற்றிய தாள். அப்பாவின் இதயம் தானாக நின்றுபோகும் அந்த நிமிடத்தில், அதை மறுபடி ஓட வைக்கும் முயற்சியில் இறங்க வேண்டாம் என்று மட்டும்தான் அது சொல்கிறது. அந்த முயற்சி என்பது என்ன என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நெஞ்சு எலும்பின் மேல் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துவார்கள். தொண்டைக்குள் குழாய் இறக்குவார்கள். தேவைப்பட்டால் மின் அதிர்ச்சி கொடுப்பார்கள். அழுத்துகிற அழுத்தில் விலா எலும்பு உடைவது சாதாரணமாக நடக்கும். நேற்றுவரை நன்றாக இருந்த ஒருவர் மாரடைப்பில் சுருண்டு விழுந்தால், இதே வேலை உயிரைக் காப்பாற்றும். எல்லாரும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பள்ளிக்கூடங்களில் போய்ச் சொல்கிறவள்தான் நான். ஆனால் உங்கள் அப்பாவுக்கு நோய் இதயத்தில் இல்லை. வயிறும் ஈரலும் ஓய்ந்து, உடம்பு முழுக்கச் சக்தி வற்றி, கடைசியில் நிற்கப்போவது இதயம். அதைத் தட்டி எழுப்பினாலும் அது ஓடுவதற்கு உடம்பில் தெம்பு மிச்சம் இருக்காது. எலும்பு முறிந்து, தொண்டையில் குழாயோடு, உங்கள் யாரையும் பக்கத்தில் விடாத ஓர் அறையில் அந்த நேரம் கழிந்திருக்கும்.

முன்பு இதை டி.என்.ஆர். என்று எழுதுவார்கள். "உயிர்ப்பிக்காதே" என்று அதற்கு அர்த்தம். கேட்டால், உயிர்ப்பித்திருக்கலாம், வேண்டுமென்றே செய்யவில்லை என்று படுகிறதல்லவா? அதனால்தான் நடுவில் "முயற்சி" என்ற சொல்லைச் சேர்த்து டி.என்.ஏ.ஆர். ஆக்கினார்கள். பலன் தராது என்று தெரிந்த முயற்சியில் இறங்காதே என்பதுதான் முழு அர்த்தம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் இதற்கென்றே வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. அதன்படி, அந்த முயற்சி பலன் தருமா தராதா என்று முடிவு செய்யும் பொறுப்பு சிகிச்சை செய்யும் மருத்துவருடையது. நோயாளியிடமும் வீட்டாரிடமும் விளக்கிப் பேசி அதை அவர் செய்ய வேண்டும். அப்படியென்றால், அப்பாவின் உயிரை உங்கள் கையில் கொடுத்து நீங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. எங்களிடம் சொன்னார்கள், கேட்டுக்கொண்டோம் என்பதற்குப் போட்ட கையெழுத்து அது. விளக்கமாகச் சொல்லாமல் வாங்கினார்கள் என்பது மருத்துவர்களாகிய எங்கள் பக்கத்துத் தவறு. உங்கள் தவறு இல்லை.

அந்தத் தாளுக்குப் பிறகும் அப்பாவுக்கு வலி மருந்து உண்டு. காய்ச்சல் வந்தால் அதற்கு மருந்து உண்டு. வாந்திக்கு, மூச்சுத்திணறலுக்கு, புண்ணுக்கு, எல்லாவற்றுக்கும் பார்ப்பார்கள். "டி.என்.ஏ.ஆர். போட்டாச்சு, இனி இவரைப் பார்க்க வேண்டாம்" என்று யாராவது நடந்துகொண்டால் அவர்களுக்கே அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கடிதத்தில் ஒரு வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், நான் அங்கேயே நின்றுவிட்டேன். "போதும்பா, வீட்டுக்குப் போலாம்" என்று அப்பா சொன்னார். தன் உடம்பைப் பற்றி, நல்ல நினைவோடு, அவரே சொன்ன சொல் அது. பெரியப்பாவிடம் டி.என்.ஏ.ஆர். பற்றி விளக்கப் போகாதீர்கள். அப்பா சொன்ன அந்த மூன்று சொல்லை மட்டும் சொல்லுங்கள். முடிந்தால் அப்பா வாயாலேயே அவர் கேட்கட்டும். தம்பி போகப்போகிறான் என்ற பயத்தில்தான் அண்ணன் தெருவில் நின்று கத்துகிறார்.

இனி அந்தக் கருணைக் கொலை. உயிரை முடிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு ஒருவர் மருந்தோ ஊசியோ கொடுப்பதுதான் கருணைக் கொலை. நம் நாட்டில் அது குற்றம், எந்த மருத்துவமனையும் செய்யாது. பயன் தராத இயந்திரத்தை வைக்காமல் விடுவதும், வைத்ததை எடுப்பதும் வேறு விஷயம். அங்கே உயிரை எடுப்பது நோய். குழப்பம் எங்கிருந்து வந்தது என்றால், பல வருஷம் நினைவின்றிக் கிடந்த மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கில் 2011-இலும், பிறகு வேறொரு வழக்கில் 2018-இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது இந்த இரண்டாவது வகையையும் கருணைக் கொலை என்ற சொல்லை ஒட்டியே ஒரு பெயரில் குறித்தது. பத்திரிகைகளும் அப்படியே போட்டன. மக்கள் மனதில் "கொலை" மட்டும் தங்கிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2018-இல், வாழ்வின் கடைசிக் காலச் சிகிச்சையில் புழங்கும் சொற்களுக்கு விளக்கம் எழுதி ஒரு சிறு ஆவணம் வெளியிட்டபோது, இந்தச் சொல்லை இனி இந்த இடத்தில் பயன்படுத்தவே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. உங்கள் வீட்டில் நடந்ததைப் பார்க்கும்போது, அது எவ்வளவு சரி என்று தோன்றுகிறது.

அதே 2018 தீர்ப்புதான், நல்ல நினைவில் இருக்கும்போதே தன் கடைசிக் காலச் சிகிச்சை எப்படி இருக்க வேண்டும் என்று ஒருவர் எழுதி வைக்கலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் கையொப்பம் இருந்தால் போதும். அப்பாவுக்கு இப்போது அது தேவையில்லை. உங்கள் அம்மாவோடு பின்னால் நிதானமாகப் பேசலாம்.

சரி, பேலியேட்டிவ். நோயாளியின் வலியையும் வேதனையையும் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் சிகிச்சை அது. லத்தீனில் போர்த்திக்கொள்ளும் மேலாடைக்கு இருந்த பெயரிலிருந்து வந்த சொல். குளிரை நிறுத்த முடியாதபோது போர்வை போர்த்துகிறோமே, அதுபோல. லண்டனில் 1967-இல் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் இதற்கென ஒரு மருத்துவமனை தொடங்கினார். முதலில் நர்ஸ், பிறகு சமூகப் பணியாளர், அதன் பிறகு படித்து டாக்டர் ஆனவர். நோயாளி படுகிற வலி உடம்பில் மட்டும் இல்லை, மனதில், குடும்பத்தில், கடவுளோடு அவருக்குள்ள கணக்கில் எல்லாம் சேர்ந்து இருக்கிறது, அத்தனையையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று சொன்னவர் அவர். உங்கள் அப்பா படுத்திருக்கும் அறைக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருக்கும். பெரியப்பா கத்தியது அவர் காதில் விழுந்திருக்கும். அதுவும் அவருக்கு வலிதான். மாத்திரையில் அது போகாது.

நம் அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இதை "நோய் ஆதரவு சிகிச்சை" என்று சொல்கிறார்கள். நல்ல பெயர். உங்கள் ஊருக்கான ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் யார் என்று சொல்வார்கள். இதைக் கடைசி நாளில்தான் தொடங்க வேண்டும் என்று இல்லை. கீமோ போய்க்கொண்டிருக்கும்போதே தொடங்கியிருக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்பு, கே.வி.குப்பம் பக்கத்தில் ஒரு பெரியவர். அவரும் இதே நிலையில்தான் இருந்தார். அவர் மகளிடம் நான், "இனிமே ட்ரீட்மென்ட் வேண்டாம்மா, வீட்டுல நிம்மதியா இருக்கட்டும்" என்றேன். கனிவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனால், மனிதர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முனகுகிறார். வேர்த்து வழிகிறது. மாத்திரைப் பையை அந்தப் பெண் பூஜை அலமாரிக்கு மேலே பத்திரமாக வைத்திருந்தாள். "நீங்கதானே வேண்டான்னீங்க டாக்டரம்மா." நான் சொன்னது கீமோவை. அவள் காதில் விழுந்தது எல்லாவற்றையும். வலி மருந்து, மலமிளக்கி, தூக்க மாத்திரை, அத்தனையையும் அன்றைக்கே நிறுத்திவிட்டாள். அவள் என்னைக் குறையாக ஒரு சொல் சொல்லவில்லை. அந்த நாலு நாள் வலி என் வாயிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு "ட்ரீட்மென்ட் வேண்டாம்" என்றோ, "இனி செய்ய ஒன்றும் இல்லை" என்றோ யாரிடமும் நான் சொன்னதில்லை. எதை நிறுத்துகிறோம், எதைத் தொடர்கிறோம், எதைப் புதிதாகச் சேர்க்கிறோம் என்று பெயர் சொல்லிச் சொல்கிறேன். உங்கள் டாக்டரிடமும் இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கைவிட்டுவிட்டார்களா இல்லையா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் "லாமா" என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். டாக்டர் பேச்சை மீறி நாமாகக் கூட்டிப் போகிறோம் என்பதற்கு எழுதுவது அது. உங்களை அவர்களே யோசனை சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்படியிருக்க அந்தச் சொல் இருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள். நாளைக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் தேவையில்லாத கேள்வி வரும்.

அக்காவுக்கு: அம்மா, உன் பயம் புரிகிறது. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை அவ்வளவு கெடுபிடியாக்கிவிட்டது. புற்றுநோய்க்காரர்களுக்குக்கூடக் கிடைக்காமல் போய், 2014-இல் அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அத்தனை வருஷமும் ஜனங்களுக்குத் தெரிந்ததெல்லாம் "போதை" என்ற சொல் மட்டும்தான். வலிக்கு, டாக்டர் எழுதிய அளவில், வாய் வழியாகக் கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைக்காது. அப்பா இதற்கு அடிமையாகி மேலும் மேலும் கேட்பார் என்பதும் இல்லை. சாதாரண மாத்திரை என்றால் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. சீட்டில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி வந்த பிறகு கொடுக்கலாம் என்று வைத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் வலியின் பின்னால் ஓட வேண்டியிருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் தூங்குவார். எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தார் என்று உனக்கே தெரியும். மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதனால் மலமிளக்கியை விடக்கூடாது. எழுப்பினாலும் எழாமல், மூச்சு மிக மெதுவாகப் போனால் உடனே டாக்டரைக் கூப்பிடு. திடீரென்று நீயாக நிறுத்தாதே. மாத்திரையைப் பூட்டி வை, எண்ணி வை. முழுங்க முடியாத நிலை வந்தால் தோலுக்கடியில் ஊசியாகக் கொடுக்க வழி இருக்கிறது. நர்ஸிடம் கேள்.

சாப்பாடு. "பட்டினி போட்டுச் சாகடிக்கிறோமா" என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள், உங்கள் வீட்டிலும் வரும். சாப்பிடாததால் அவர் உடம்பு ஓயவில்லை தம்பி, உடம்பு ஓய்வதால் சாப்பாடு இறங்கவில்லை. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும். "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனா தெம்பு வரும்" என்று யாராவது ஆள் கூட்டி வருவார்கள். இந்தக் கட்டத்தில் அந்தத் தண்ணீர் காலிலும் நுரையீரலிலும் போய்த் தேங்கி மூச்சைத்தான் முட்டும். அதைவிட வாயைக் கவனியுங்கள். பங்குனியிலேயே வேலூர் வெயில் இப்படிக் காய்கிறது, உதடும் நாக்கும் வெடித்துவிடும். மணிக்கு ஒரு தடவை பஞ்சை நனைத்து வாயைத் துடையுங்கள், உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள். விழுங்க முடிந்தால் இளநீர் ஒரு மடக்கு.

இன்னும் சில நாளில் உங்களுக்கு அவசரமாகத் தேவைப்படப் போகிற ஒரு சொல் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ராத்திரியில் எனக்கு வரும் போனில் பாதி, "டாக்டரம்மா, இழுக்குது" என்றுதான் வரும். நம் பக்கத்தில் இந்த ஒரு சொல்லுக்கு மூன்று அர்த்தம். ஆஸ்துமாக்காரருக்கு வீசிங் வந்தாலும் இழுப்பு. கை கால் வெட்டி ஃபிட்ஸ் வந்தாலும் இழுக்குது. உயிர் பிரியும் முன் மூச்சு மாறினாலும் "இழுத்துகினு கீறாரு". முதல் இரண்டுக்கும் மருந்து உடனே வேண்டும். மூன்றாவது வேறு. அப்போது மூச்சு வேகமாகப் போகும், பிறகு மெதுவாகும், அரை நிமிடம்கூட நின்றுவிட்டு மறுபடி ஒரு பெருமூச்சாக வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும். தண்ணீரில் மூழ்குகிறவர் மாதிரி இருக்கும், பார்க்கிறவர்களால் தாங்க முடியாது. ஆனால் அந்த நேரத்தில் அவர் பெரும்பாலும் நினைவில் இருக்க மாட்டார். விழுங்கும் சக்தி போனதால் எச்சிலும் சளியும் தொண்டையில் தேங்கி, அதன் வழியாகக் காற்று போகும் சத்தம் அது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். சத்தம் குறைய ஊசி உண்டு, நர்ஸிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எங்களுக்குப் போன் செய்யும்போது "இழுக்குது" என்று மட்டும் சொல்லாமல், மூச்சு எப்படிப் போகிறது, கை கால் வெட்டுகிறதா, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்று சொல்லுங்கள்.

அந்த நேரத்தில் பதறிப் போய் யாராவது 108-ஐக் கூப்பிடுவார்கள். வருகிறவர்கள் நெஞ்சை அழுத்தத்தான் முனைவார்கள், அது அவர்கள் கடமை. அதனால் அந்தத் தாளையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். நர்ஸின் நம்பரைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

பால் ஊற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உறவுக்காரர்கள் ஆளுக்கொரு ஸ்பூன் ஊற்றுவார்கள். பதினைந்து பேர் ஊற்றினால் பதினைந்து ஸ்பூன், அத்தனையும் மூச்சுக்குழாய்க்குள் போகும். சடங்கை நிறுத்தச் சொல்லவில்லை. துளசி இலையோ பஞ்சோ பாலில் தோய்த்து உதட்டை நனைக்கட்டும். அதை முதலில் பெரியப்பா கையால் செய்யச் சொல்லுங்கள். மற்றவர்கள் அவரைப் பார்த்துச் செய்வார்கள்.

கடைசியாக அம்மாவின் கேள்வி. நாங்கள் யாரும் தேதி குறிப்பதில்லை. ஆனால் கணிக்க ஒரு வழி இருக்கிறது. மாசத்துக்கு மாசம் உடம்பு இறங்கினால் மாசக்கணக்கு. வாரத்துக்கு வாரம் என்றால் வாரக்கணக்கு. நேற்றைக்கு இன்று வித்தியாசம் தெரிந்தால் நாள் கணக்கு. திண்ணை, பிறகு பிடித்துக்கொண்டு நடை, இப்போது கட்டில், நாலு ஸ்பூன் கஞ்சி என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சில வாரங்கள்தான் என்று நினைக்கிறேன். அதற்கும் முன்னால்கூட இருக்கலாம். ஏழு வாரம் தாங்குவது கடினம். அம்மாவிடம் இதை மறைக்க வேண்டாம். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவருக்கு நம்மைவிட முன்னாலேயே தெரிந்திருக்கும், யாராவது வாய்விட்டுச் சொன்னால் கூட உட்கார்ந்து அழுவதற்காவது அவருக்கு வழி கிடைக்கும். அப்பா "எனக்கு என்ன ஆகுது" என்று கேட்டால், "நீ என்ன நினைக்கிறப்பா" என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரே காட்டுவார்.

சிரசுக்கு வெளியூரிலிருந்து வருவதாக இருக்கும் சொந்தக்காரர்களை இந்த வாரமே வரச் சொல்லுங்கள். ஒரே நாளில் கூட்டமாக வேண்டாம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேர். காலை மாத்திரை கொடுத்து ஒரு மணி நேரம் ஆனால் வலி அடங்கியிருக்கும், அப்போது தலையணையை அண்டக் கொடுத்துச் சாய்த்து உட்கார வையுங்கள். முதல் நாள் பெரியப்பா வரட்டும்.